அக்காவின் சுண்டுவிரல்

துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் அந்த அக்கா நம்பியதில்லை. சொன்னவர் போலீஸ்காரராக இருக்கலாம், பட்டாளத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். "சரிங்க" என்று மரியாதையாகத் தலையாட்டுவார். பிறகு துப்பாக்கியின் வாயை மூலையில் இருந்த மணல் டிரம் பக்கம் திருப்புவார். தோட்டா அடுக்குகிற மேகஸினை உருவி மேசையில் வைப்பார். பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து மாட்டி, தோட்டா உட்காரும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவுவார். விரல் வெறுமையாக வெளியே வந்த பிறகுதான் நம் முகத்தைப் பார்த்து, "சொல்லுங்க, இன்னா பிரச்சனை?" என்று கேட்பார்.

விழுப்புரத்தில் ரயிலடிக்குப் போகும் வழியில், பாத்திரக்கடைக்கும் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய துப்பாக்கிக் கடை. இரும்புக் கிராதி போட்ட குறுகலான கடை. உள்ளே நுழைந்தால் எண்ணெய் வாடை. மாமனார் தொடங்கி, கணவர் நடத்தி, கணவர் போனபிறகு லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு அக்காவே நடத்தினார். கணவரோடு பதினைந்து இருபது வருடம் அதே மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவர் என்பதால் பிஸ்டலைப் பிரித்துப் போடவும் மாட்டவும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காட்டன் புடவை, இடுப்பில் செருகிய முந்தானை, தோளில் எண்ணெய் துடைக்கிற மஞ்சள் துணி. தெருவில் போகிறவர்கள் பார்த்தால் யாரோ டெய்லர் அக்கா என்றுதான் நினைப்பார்கள்.

அவருடைய இந்தச் சோதனைக்கு ஊரில் ஒரு காரணம் சொன்னார்கள். கணவர் துப்பாக்கி துடைக்கும்போது வெடித்துச் செத்துப்போனாராம், அந்தப் பயம்தானாம். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் நினைப்பு. பழக்கம் ஏற்பட்ட பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார். "மஞ்சக்காமாலைங்க தம்பி. ஆஸ்பத்திரியில ரெண்டு வாரம் கெடந்தாரு. துப்பாக்கி அவர ஒண்ணும் பண்ணல" என்றார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, சின்ன வயதிலிருந்தே தான் இப்படித்தான் என்றும், பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகும் வாத்தியாரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்று கேலி செய்வார்கள் என்றும் சொன்னார்.

நான் திண்டிவனத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் மேனேஜராக இருந்தேன். சாயங்காலம் வசூல் பையை எடுத்துக்கொண்டு போன எங்கள் காசாளரை பைக்கில் வந்த இருவர் கம்பியால் அடித்துப் போட்டுவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். காசாளருக்கு வலது கை முன்போல் வரவேயில்லை. அதற்குப் பிறகு முதலாளி வற்புறுத்தியதில் நான் பிஸ்டல் லைசென்ஸுக்கு எழுதிப்போட்டேன். அலைந்து திரிந்து கிடைத்தது. வாங்கிய பிஸ்டலை எங்கே காட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று தெரியாமல் விசாரித்தபோது, விழுப்புரத்துக்குப் போங்கள், ஒரு அக்கா இருக்கிறார் என்றார்கள்.

முதல்நாள் போய், "காலிதாங்க, வீட்டுலயே மேகஸின எடுத்துட்டேன்" என்று சொன்னேன். மேகஸினை எடுத்தால் காலி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மேகஸினை எடுத்தாலும் அதற்கு முன்பே மேலே ஏறிவிட்ட ஒரு தோட்டா உள்ளேயே உட்கார்ந்திருக்கும், பாதிப் பேர் அதை மறந்துபோகிறார்கள் என்று அக்கா சொன்னார். விரல் விட்டுப் பார்த்தார். காலி. என்னையும் பார்க்கச் சொன்னார். நான் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் டிரம் பக்கம் திருப்பி, இழுத்து, விரலை விட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போதுதானே பார்த்தீர்கள் என்றேன்.

"என் கைய விட்டுப் போயிட்டு வந்துச்சே" என்றார். "காலின்னு வாய் சொல்லக்கூடாதுங்க தம்பி. விரல் சொல்லணும்."

அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவேன். தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். நான் அக்காவிடம் ஒப்படைப்பேன். போனால் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வருவேன். மல்லாட்டை என்று அவர் சொல்கிற வேர்க்கடலையை வேகவைத்துக் கொண்டுவந்திருப்பார். எண்ணெய்க் கையோடு உரித்துச் சாப்பிடக்கூடாது என்று ஒரு சோப்புக்கட்டியை நீட்டுவார். கை கழுவினேன் என்று சொன்னால் காட்டச் சொல்வார்.

பிஸ்டல் விஷயத்தில் அவர் சொன்னதெல்லாம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எண்ணெய் போடுகிறேன் என்று நான் குளிப்பாட்டிக்கொண்டு வந்தபோது, அவ்வளவு எண்ணெய் போட்டால் பங்கில் லாரி கிளப்புகிற புழுதியெல்லாம் உள்ளே வந்து குடும்பம் நடத்தும் என்றார். துடைத்த பிறகு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குத்தான் எண்ணெய் இருக்க வேண்டுமாம். தோல் உறையிலேயே வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்குக் கொடுக்கும் என்பார். வருடத்துக்கு ஒருமுறையாவது அனுமதியுள்ள சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். சுட்டுப் பார்க்காத பிஸ்டல் பேப்பர்வெயிட் என்பது அவர் கட்சி.

அவர் சொல்லித்தான் ஒருமுறை போய்ச் சுட்டேன். மூன்றாவது தோட்டா பாதியில் ஏறி, தலையைத் தூக்கிக்கொண்டு மாட்டி நின்றது. கம்பியோடு வந்தவர்கள் எதிரே நிற்கும்போது இப்படி ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தபடியே நேராக விழுப்புரத்துக்கு வண்டியை விட்டேன். பிஸ்டலே ராசியில்லை, விற்றுவிடப் போகிறேன் என்று அக்காவிடம் குதித்தேன். வழக்கம்போல் விரல் விட்டுப் பார்த்ததோடு சரி, அதற்குமேல் அவர் பிஸ்டலைப் பார்க்கவேயில்லை. மேகஸினை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தோட்டாவைப் பிடித்துக்கொள்கிற இரண்டு விளிம்புகளில் ஒன்று மயிரிழை அளவு வெளியே விரிந்திருந்தது. "கீழ போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். விரிந்த விளிம்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகுதான் பங்கு ஆபீசின் சிமெண்ட் தரையில் ஒருநாள் விழுந்தது ஞாபகம் வந்தது.

குறடால் நெளிவெடுத்துத் தரலாமே என்றேன். எடுத்துத் தரலாம், ஆனால் நெளிவெடுத்தது எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். சொல்லிக்கொண்டே சுத்தியலை எடுத்து அந்த மேகஸினை ஒரே அடியில் சப்பையாக்கிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது உருப்படியாக இருந்தால் நீங்களோ உங்களுக்குப் பிறகு வாங்குகிறவரோ என்றாவது ஒருநாள் மாட்டிப் பார்ப்பீர்கள், அதனால்தான் என்று சமாதானம் சொன்னார். புது மேகஸினை மாட்டிக்கொண்டுபோய்ச் சுட்டேன். அதற்குப் பிறகு அந்த பிஸ்டல் ஒருமுறைகூட என்னைக் கைவிடவில்லை.

இந்தச் சோதனை துப்பாக்கியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்கா எல்லாவற்றிலும் அப்படித்தான். என் மகள் பிறந்தபோது திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். குழந்தையைக் கையில் வாங்கிக் கொஞ்சினார், பழம் கொடுத்தார். பிறகு குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையை நிமிர்த்திப் படித்தார். அதோடு விடாமல் என் மனைவியின் கையைத் தூக்கி அந்தப் பட்டையையும் படித்தார். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தது. "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். என் மனைவிக்குப் பெரிய வருத்தம். இவர் யார் நம் குழந்தையைச் சந்தேகப்பட என்று அன்றைக்கெல்லாம் முணுமுணுத்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவளே ஒருமுறை பட்டையைப் படித்துப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அக்காவுக்கு ஒரே மகன், பிரபு. நான் கடைக்குப் போகத் தொடங்கியபோது மயிலத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். சாதுவான பையன். சாயங்காலம் காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வருவான். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று அக்கா கேட்பார். சொல்வான். கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய சிநேகிதன் யாராவது தெருவில் போனால் அவனைக் கூப்பிட்டு அதையே கேட்பார். பிரபு தலையைக் குனிந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கடைசி வருடப் பரீட்சை சமயத்தில், கோலியனூரில் இருக்கும் சிநேகிதன் வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். காலையில் அக்கா ஒரு டப்பாவில் இட்லி வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோலியனூர் போய் அந்த வீட்டு வாசலில் நின்றார். பிரபு உள்ளே தரையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொன்ன இடத்தில், சொன்ன வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்தான். இட்லியை வாங்கி சிநேகிதனிடம் கொடுத்தான். பிரபு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

இதை அக்காவே என்னிடம் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார். புள்ள சொன்னபடியே இருந்தான் என்று பெருமையாகச் சொன்னார். அவன் ஏன் சாப்பிடவில்லை என்பதுதான் அவருக்குப் புரியாமல் இருந்தது.

படிப்பு முடிந்ததும் பிரபு திண்டிவனத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துக்கொண்டான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு தினம் போய்வருகிறவர்கள் ஆயிரம் பேர். அவன் வீட்டுக்கு வருவது மாதத்துக்கு ஒருமுறை, பிறகு தீபாவளி, பொங்கல் என்று சுருங்கியது. அக்கா போன் செய்வார், சாப்பிட்டேன் என்பான். உடனே அவனுடன் தங்கியிருந்த பையனுக்குப் போன் போகும். ஒருநாள் அந்தப் பையன் நம்பரை மாற்றிவிட்டான். அப்போதுதான் அக்கா என்னைக் கேட்டார். உங்கள் பங்குக்குப் பக்கம்தானே, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாங்க தம்பி, நல்லா இருக்கேன்னு சொல்றான், நல்லாத்தான் இருக்கானா என்று.

போனேன். நன்றாகத்தான் இருந்தான். அறை சுத்தமாக இருந்தது. என்னை உட்காரவைத்து டீ வாங்கிவந்தான். அம்மா அனுப்பினார்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவனே பேசினான்.

"எங்கம்மா என்னைத் தப்பானவன்னு ஒருநாளும் நெனச்சதில்ல மாமா. அது எனக்குத் தெரியும். நான் சொன்னா அவங்களுக்குப் பத்தல. அவ்ளோதான். யாராச்சும் ஒருத்தர் ஆமான்னு சொல்லணும். சின்ன வயசுல இருந்து எனக்கு எப்பவும் ஒரு சாட்சி வேணும்."

அதை எப்படிப் போய் ஒரு தாயிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் விழுப்புரம் பக்கமே போகவில்லை. பிறகு போய், கொஞ்சம் பூசி மெழுகித்தான் சொன்னேன். அக்கா பிரித்துப் போட்டிருந்த ஒரு பிஸ்டலின் குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்தபிறகும் இழுத்துக்கொண்டே இருந்தார். துணி வெள்ளையாக வெளியே வந்த பிறகும் நிறுத்தவில்லை.

"நான் சாமானத்தானே பாக்குறேன், புள்ளயவா பாக்குறேன்?" என்றார் கடைசியில். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

அன்றிலிருந்து அக்கா தன்னை மாற்றிக்கொள்ளப் பார்த்தார். அதை நான் கண்ணால் கண்டேன். கடையில் உட்கார்ந்திருக்கும்போது பிரபுவுக்குப் போன் செய்வார். அவன் ஏதோ சொல்வான். "சரிப்பா" என்று வைத்துவிடுவார். வைத்த பிறகு கை போனை மறுபடி எடுக்கும், கீழே வைக்கும். பொழுது போகாதவர் மாதிரி மேசையைத் துடைப்பார். நான் பார்ப்பது தெரிந்தால் வெட்கப்பட்டுச் சிரிப்பார். "பேஜாரா இருக்குது தம்பி. பழகிக்கினு இருக்கேன்" என்பார்.

பிள்ளைக்கு அது எப்படியோ தெரிந்துபோயிற்று. வாரக் கடைசியில் வர ஆரம்பித்தான். வந்தால் அம்மாவோடு மேசையில் உட்கார்ந்து ஸ்பிரிங் மாற்றுவது, துருவெடுப்பது என்று கூடமாட வேலை செய்தான். நல்ல கை அவனுக்கு. ஃபைனான்ஸ் கம்பெனியில் வீடு வீடாகப் போய்த் தவணை கேட்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் அந்த வேலையை விட்டுவிட்டுக் கடைக்கே வந்துவிட்டான். அந்த மாதங்களில் நான் அக்காவைப் பார்த்தபோதெல்லாம் அவர் பேச்சில் ஒரு சிரிப்பு கலந்திருந்தது. பிரபு மாவு வாங்கிவந்தேன் என்றால் வாங்கிவந்ததுதான், கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேன் என்றால் மூடியதுதான். ஆனால் கடையில் மட்டும், அவன் பார்த்துக் கொடுத்த துப்பாக்கியிலும் அக்காவின் சுண்டுவிரல் ஒருமுறை போய்வந்துகொண்டிருந்தது. அதை அவன் பொறுத்துக்கொண்டான். தொழில் என்று நினைத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் அவன் முகம் வேறு பக்கம் திரும்பும்.

தேர்தல் அறிவிப்பு வந்தது. துப்பாக்கி ஒப்படைக்கிறவர்கள் தெருமுனை வரைக்கும் நின்றார்கள். நானும் என் பிஸ்டலோடு போயிருந்தேன். பிரபு முன்னால் நின்று ஒவ்வொன்றையும் வாங்கி, மணல் டிரம் பக்கம் திருப்பி, மேகஸினை உருவி, ஸ்லைடை இழுத்துப் பார்த்து அம்மாவிடம் நீட்டினான். அக்கா விரல் விட்டுப் பார்த்து, டிரம் பக்கம் பிடித்து விசையை அழுத்துவார். பின்னால் மடங்கியிருக்கும், தோட்டாவைத் தட்டுகிற சுத்தி முன்னால் விழுந்து ஸ்பிரிங் தளர்ந்த பிறகுதான் அலமாரியில் வைப்பது. காணையிலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயியின் முறை வந்தது. பழைய பிஸ்டல், கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். பிரபு வாங்கி மேகஸினை உருவினான். ஸ்லைடை இரண்டு தடவை இழுத்துவிட்டான். எதுவும் வெளியே விழவில்லை. "காலிம்மா, பார்த்துட்டேன்" என்று நீட்டினான்.

அக்கா வாங்கினார். சுண்டுவிரல் நீண்டது. அவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் திரும்பியிருந்தான். விரலை மடக்கிக்கொண்டார். டிரம்மை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினார்.

அந்தச் சின்னக் கடைக்குள் அது இடி விழுந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் கேட்கவில்லை. மணல் பொங்கித் தரையில் சிதறியிருந்தது. பாத்திரக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. தோட்டா டிரம்முக்குள், எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போயிருந்தது. அந்த டிரம் அங்கே இருந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். இதோடு போயிருந்தால் நாலு நாள் பேசிவிட்டு மறந்திருப்போம்.

அக்காவின் உதடு வெளுத்திருந்தது. பிஸ்டலை மேசையில் வைத்தார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், சத்தமே இல்லாமல் சொன்னார்.

"பார்த்துட்டேன்னு சொன்னியேடா."

"பார்த்தேம்மா" என்றான் பிரபு. அவ்வளவுதான் சொன்னான். ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்துக்கொண்டு, கும்பலை விலக்கிக்கொண்டு வெளியே போனான்.

போலீஸ் வருவதற்குள் அக்கா அந்த பிஸ்டலின் ஸ்லைடை விலக்கி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்லைடை இழுக்கும்போது தோட்டாவின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கிற சின்னக் கொக்கி ஒன்று உண்டு. அதன் நுனி ஒடிந்திருந்தது. கொக்கி இல்லாவிட்டாலும் இந்த மாதிரி பிஸ்டல் சுடும், வெடித்த வேகத்திலேயே வெற்றுக்குப்பி வெளியே வந்துவிடும், அதனால் சொந்தக்காரருக்கே தெரிந்திருக்காது என்றார். கையால் இழுக்கும்போதுதான் அந்தக் கொக்கி வேண்டும். பிரபு இழுத்திருக்கிறான். கொக்கி பிடிக்கவில்லை. தோட்டா உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. விரல் விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"புள்ள பொய் சொல்லல தம்பி" என்றார். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

விசாரணையில் அக்கா மகன் பெயரை எடுக்கவேயில்லை. என் கையில் வெடித்தது, என் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார். லைசென்ஸை நிறுத்திவைத்துக் கடையைப் பூட்டச் சொன்னார்கள். பிரபு திண்டிவனத்துக்கே போய், பழைய அறையில் இருந்த பையன்களோடு சேர்ந்துகொண்டான். பத்து நாள் இருக்கும், அக்கா நான் வேலை செய்யும் பங்கில் வந்து இறங்கினார். அவனுடைய அறைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றார். துப்பாக்கிக் கடை நடத்தியவர்.

அவன் கதவைத் திறந்து, வாங்கம்மா என்றான். மரியாதைக்குக் குறைவில்லை. அக்கா உட்காரக்கூட இல்லை. பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், ஒரே மூச்சில் சொன்னார்.

"கொக்கி ஒடஞ்சிருந்துச்சுப்பா. நீ இழுத்திருக்க, அது வரல. நீ பார்த்தேன்னு சொன்னது நெசம். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

பிரபு நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டான். கோபமாக இருந்த மாதிரி தெரியவில்லை. நிதானமாகத்தான் கேட்டான்.

"கொக்கி ஒடயாம இருந்திருந்தா?"

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஏதாவது ஒரு பொய் சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று எனக்கு அடித்துக்கொண்டது. அப்பவும் நம்பியிருப்பேன் என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்? ஆனால் அக்காவுக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வழக்கமில்லை.

"தெரியலப்பா" என்றார்.

அவன் தலையாட்டினான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். கடையில் சாப்பாடு வாங்கிவந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். அக்காவின் இலையில் அப்பளம் இல்லை என்று தன்னுடையதை எடுத்து வைத்தான். பஸ் ஏற்றிவிட்டு வந்தான். அடுத்த மாதம் ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்தும் அக்கா கடையைத் திறக்கவில்லை. இருந்த சரக்கையெல்லாம் வேறு ஊர் டீலருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, மயிலத்தில் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்ஷன் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கடைசியாக என் பிஸ்டலைச் சுத்தம் செய்துகொடுத்தபோது, இனிமேல் யாரிடம் காட்டுவது என்று கேட்டேன். புதுச்சேரியில் ஒருவரைச் சொன்னார், நல்ல வேலைக்காரர் என்றும், ஆனால் வாங்கும்போது நீங்களும் பார்த்து வாங்குங்கள் என்றும் சொன்னார். அங்கே நான் போகவில்லை. பங்கில் எல்லாம் போனிலேயே பணம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், பையைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை குறைந்துபோனது. லைசென்ஸ் புதுப்பிக்கிற காலம் வந்தபோது பிஸ்டலை ஒப்படைத்துவிட்டேன். கொடுக்கிற அன்று எனக்குத் துக்கமாக இருந்தது. பிஸ்டலுக்காக இல்லை.

பிரபு ஓசூரிலேயே கல்யாணம் செய்துகொண்டான். அக்கா போய்வந்தார். எனக்குப் பத்திரிகை மட்டும் போனில் வந்தது. அதற்குப் பிறகு நாலைந்து வருடம் பேச்சில்லை. போன மாசி மாதம் ஒருநாள் அவனிடமிருந்து போன் வந்தது. கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததில் வேலை போய்விட்டதாகவும், மனைவி கோபித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறதாகவும், திண்டிவனம் பக்கம் ஏதாவது வேலை இருந்தால் பார்க்க முடியுமா என்றும் கேட்டான். குரலே அவன் குரலாக இல்லை. விசாரிக்கிறேன் என்றேன். வைப்பதற்கு முன்னால், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா என்றான்.

அந்த வாரமே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கண் டாக்டரிடம் காட்டிவிட்டு மயிலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டார், என் மனைவியைக் கேட்டார். பிரபு எப்படி இருக்கிறான் என்று நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"நல்லா இருக்கேன்னு சொன்னான் தம்பி" என்றார். "வாரா வாரம் பேசுவான். வேலையெல்லாம் நல்லா போய்க்கினு இருக்குதாம். அவளும் நல்லா இருக்காளாம். அவன் சொன்னா சரின்னு வெச்சிடுறேன் இப்பல்லாம். வேற யாரையும் கேக்குறதில்ல. கேட்டுக் கேட்டுத்தான புள்ளய அவ்ளோ தூரம் வெரட்டுனேன்."

என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மயிலம் பஸ் வந்து நின்றது. பையை வாங்கி உள்ளே வைத்து, அவர் உட்கார ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

"சந்தோஷம்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.